தார் பாலைவனப் பயணம்: பெற்றோருடன் 12 இரவுகள், எங்கே எத்தனை இரவு தங்குவது?

வதிரிச்சந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் அப்பா, அம்மா, நான், ரொறன்ரோவிலிருந்து வரும் தங்கை ஆகிய நால்வரும் ராஜஸ்தானுக்குப் போக எண்ணியிருக்கிறோம். அப்பாவுக்கு வயது 71. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய வேலைக்காலத்தின் பெரும்பகுதி வன்னிக் குளக்கட்டுகளிலேயே கழிந்தது. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே கோடையில் கிணறுகள் உவராகிப் போகின்றனவே, இருநூறு மில்லிமீற்றரளவு மழையை நம்பி அங்கே கோட்டையும் நகரமும் எப்படிக் கட்டினார்கள் என்று அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மணற்காட்டு மணல்மேடுகளைத் தவிர வேறு பாலை நிலம் எதையும் அவர் கண்டதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம். பறவைகள் என்றால் நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கைக்குப் புலியைப் பார்க்க வேண்டும்.

பலாலியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கும் விமானத்தில் போய், அங்கிருந்து சாரதியுடன் ஒரு வாகனத்தை வாடகைக்கு எடுப்பதாகத் திட்டம். மொத்தம் 12 இரவுகள் கைவசம் உள்ளன. ஜெய்ப்பூர், புலிகள் உள்ள ரண்தம்போர், பிகானேர், ஜெய்சல்மேர், பாலைவனக் கூடாரம், ஜோத்பூர், உதயப்பூர் என ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரவு தங்கி, மிகுதி ஐந்து இரவுகளையும் சென்னையில் சித்தி வீட்டில் கழிக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறேன். இந்த ஒழுங்கு சரிவருமா? எதை விடலாம், எதை விடக்கூடாது? போய்வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


ஆனையிறவு எழுதியது:

தம்பி, வரைபடத்தில் அந்த ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிவதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. நாங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற திட்டத்தோடு போய், நான்காம் நாளே களைத்துப்போனோம். ஜெய்ப்பூரிலிருந்து பிகானேர் சுமார் 330 கிலோமீற்றர். பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் மறுபடியும் ஏறத்தாழ அதே தூரம். ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 321 கிலோமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் கண்டிக்குப் போய், இரவு படுத்தெழும்பி, மறுநாளும் அதே அளவு தூரம் ஓடி, அதற்கடுத்த நாள் ஜோத்பூருக்கு 285 கிலோமீற்றர் போவதென்றால், முழங்கால் வலியுள்ள உங்கள் தாயார் பாலைவனத்தைவிட வாகனத்தின் கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பார். வீதிகள் நன்றாக இருக்கின்றன, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நல்ல வீதியிலும் ஆறு மணிநேரம் ஆறு மணிநேரந்தான். சென்னையில் வைத்திருக்கும் ஐந்து இரவுகளில் நான்கை எடுத்து ராஜஸ்தானுக்குக் கொடுங்கள். உதயப்பூரை இந்த முறை விட்டுவிடுங்கள். அது அழகான ஏரி நகரம், ஆனால் பாலைவனம் அன்று.

குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரி இறுதியில் ஜெய்சல்மேரில் பகல் இதமாக இருக்கும், இரவில் எட்டுப் பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். அந்த ஊர் வீடுகளும் விடுதிகளும் கோடை வெயிலைத் தாங்கக் கட்டப்பட்டவை. கல்தரை, உயர்ந்த கூரை, வெப்பமூட்டி இல்லை. நாங்கள் பாலைவனக் கூடாரத்தில் தங்கிய இரவில் என் மாமியார் இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்தார், விடிந்ததும் காய்ச்சல். யாழ்ப்பாணத்து உடம்புக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை. கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி, தடித்த காலுறை மூன்றும் கட்டாயம். ஜெய்ப்பூர், பரத்பூர்ப் பக்கங்களில் ஜனவரி முழுவதும் விடியற்காலையில் மூடுபனி இறங்கக்கூடும். எவ்வளவு அவசரமானாலும் காலை ஒன்பது மணிக்கு முன் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாமென்று சாரதியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கடவுச்சீட்டு. தமிழ் பேசிக்கொண்டு சென்னையில் இறங்கும்போது நாம் வெளிநாட்டவர் என்பது மனத்தில் படுவதேயில்லை. ஜெய்சல்மேரில் நாங்கள் முன்பணம் கட்டியிருந்த ஒரு சிறு விடுதியில் இரவு பத்து மணிக்குப் போய் இறங்கினோம். இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை தர முடியாதென்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணிநேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குப் பதிவு செய்துகொள்ளாத விடுதிகள் நம்மைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு விடுதிக்கும் மின்னஞ்சல் எழுதி, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரை ஏற்பீர்களா என்று கேட்டு, பதில் வந்த பின்பே பணம் கட்டுங்கள். உங்கள் தங்கை கனடாக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அவருடைய விசாவைத் தனியாகக் கவனியுங்கள். அவர் ட்ரோன் கமெரா கொண்டுவருவதாக இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவரத் தடையுண்டு.

ஜெய்சல்மேரில் வாகனச் சாரதிகள் தனோட் அம்மன் கோயிலுக்கும் லோங்கேவாலாவுக்கும் கூட்டிப்போகிறோம் என்று ஆசையோடு கேட்பார்கள். அது பாகிஸ்தான் எல்லைப் பகுதி. இந்தியர்கள் எளிதில் போய்வருகிறார்கள், வெளிநாட்டவருக்கோ மாவட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சாரதிக்கு அந்த வேறுபாடு தெரியாமலிருக்கலாம். அனுமதியில்லாமல் ஏற வேண்டாம். 2025 மே மாதத்தில் எல்லைப் பதற்றத்தின்போது ஜெய்சல்மேர், ஜோத்பூர், பிகானேர் விமான நிலையங்கள் சில நாள்கள் மூடப்பட்டதையும் நினைவில் வைத்து, பயணத்துக்கு முந்திய வாரத்தில் செய்திகளைப் பாருங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள சின்னங்களில் இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணமே. நுழைவாயிலில் கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மாநில அரசும் தனியார் அறக்கட்டளைகளும் நடத்தும் கோட்டைகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.


சுண்டிக்குளம் எழுதியது:

உங்கள் தாயார் பறவை பார்ப்பவர் என்று எழுதியிருப்பதைக் கண்டதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ரண்தம்போரை விட்டுவிட்டுப் பரத்பூருக்குப் போங்கள். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா வெறும் 29 சதுர கிலோமீற்றர்தான். வாகனம் ஏறிக் குலுங்கத் தேவையில்லை; உள்ளே மிதிவண்டியிலும் ரிக்ஷாவிலுந்தான் போகிறார்கள். ரிக்ஷா ஓட்டுபவர்களே பறவைகளை இனங்காட்டப் பயிற்சி பெற்றவர்கள். முழங்கால் வலியுள்ள ஒருவர் அமர்ந்தபடியே ஒரு முழுக்காலையும் ஏறத்தாழ நூறு வகைப் பறவைகளைப் பார்க்கக்கூடிய இடம் தெற்காசியாவில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சங்குவளை நாரைகள் அங்கேயே கூடு கட்டுகின்றன; இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் ஜனவரியில் நிற்கும்; சாரசக் கொக்கு இணையைக் கண்டால் அம்மா அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். சைபீரியக் கொக்குகளும் முன்பு வந்தன. 2002ஆம் ஆண்டுக்குப் பிறகு அவை வரவேயில்லை என்பதை எண்ணும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

உங்கள் தகப்பனாருக்கும் அங்கே வேலையிருக்கிறது. அந்தச் சதுப்பு நிலம் இயற்கையாக உண்டானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் கட்டிய அஜான் அணையின் நீர் தாழ்ந்த காட்டில் பரவி உண்டானது. உள்ளே இருக்கும் கேவலாதேவ் என்ற சிவன் கோயிலின் பெயரையே பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள். மேலே கம்பீர் ஆற்றில் பாஞ்சனா அணை கட்டப்பட்ட பின் பூங்காவுக்கு வரும் நீர் குறைந்து, சில ஆண்டுகள் குளங்கள் வெடித்துக் கிடந்தன. பின்னர் வேறு வழிகளால் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வயலுக்கா பறவைக்கா என்ற வழக்கை வன்னியில் குளம் திறந்தவர் கேட்டால் அரை நாள் அங்கேயே நின்றுவிடுவார்.

ஜெய்ப்பூரிலிருந்து பரத்பூர் போகும் வழியில், ஜெய்ப்பூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றரில், சற்று விலகிப் போனால் ஆபானேரி என்ற ஊரில் சாந்த் பாவ்டி என்னும் படிக்கிணறு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாகக் கருதுகிறார்கள். பதின்மூன்று அடுக்கு, ஏறத்தாழ 3,500 படிகள், சுமார் 20 மீற்றர் ஆழம். நம் கோயில் கேணிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அது கேணி போலத்தான் தோன்றும். விளிம்பில் நின்று கீழே பார்த்ததும் பேச்சு வராது. படிகளில் இறங்க விடுவதில்லை என்பதால் அம்மா மேலே நிற்பதில் இழப்பு எதுவுமில்லை.

இனி பாலைவனப் பக்கம். ஜெய்சல்மேருக்குப் போகும் வழியில் பலோதி என்ற ஊர் வரும். 2016 மே 19 அன்று 51 பாகை செல்சியஸ் பதிவான ஊர் அது. ஜனவரியில் அந்தப் பயம் வேண்டாம். அதன் அருகே கீச்சன் என்றொரு கிராமம். மொங்கோலியப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வரும் சிறு கொக்குகளை அங்கே குர்ஜா என்கிறார்கள். ஊரவர்கள் தலைமுறைகளாக அவற்றுக்குத் தானியம் போட்டு வளர்த்த பழக்கத்தால், ஆயிரக்கணக்கில் ஊருக்குள்ளேயே இறங்குகின்றன. செப்டெம்பர் தொடங்கி மார்ச் வரை நிற்கும். 2025 ஜூனில் கீச்சனை ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். சூரியன் உதித்து இரண்டு மூன்று மணிநேரமே தானியம் தின்னும். பிறகு பக்கத்துக் குளங்களுக்கு நீர் குடிக்கப் போய்விடும். எனவே வழியில் எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளாமல், முந்திய இரவே பலோதியிலோ கீச்சனிலோ தங்கிவிடுங்கள். சுண்டிக்குளத்தில் பூநாரைக் கூட்டம் எழும்பும்போது வருமே ஓர் இரைச்சல், அதைப் போல நான்கு மடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்சல்மேரை ஒட்டியுள்ள பாலைவனத் தேசியப் பூங்காவை 3,162 சதுர கிலோமீற்றர் என்று புத்தகங்களில் படித்துவிட்டு வில்பத்து மாதிரி எதிர்பார்க்க வேண்டாம். வேலி, வாயில், ஜீப் வரிசை என்று ஒன்றும் கண்ணில் படாது. பூங்காவுக்குள்ளேயே ஊர்களும் ஆட்டு மந்தைகளும் உண்டு. அங்கே காண வேண்டியது கானமயில். இயற்கைச் சூழலில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை. முட்டை பொரிக்கச் செய்து வளர்க்கும் நிலையத்தை 2019இல் சம் என்ற இடத்தில் தொடங்கினார்கள். காற்றாலைகளிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் உயர்மின்கம்பிகளில் மோதிச் சாவது அதற்கு இன்று பெரிய ஆபத்து; பக்கப்பார்வை மட்டுமே கூர்மையான பறவை, முன்னே வரும் கம்பியைக் காண்பதில்லை. ஜெய்சல்மேரில் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேட்டு, உள்ளூர்ப் பறவை வழிகாட்டி ஒருவருடன் ஒரு காலைப்பொழுதைச் சுதாசரிப் புல்வெளிக்கு ஒதுக்குங்கள். காணக் கிடைத்தால் பெரும் பேறு. கிடைக்காவிட்டாலும் சிங்காரமான் கூட்டமும் பாலைநரியும் கழுகு வகைகளும் நிச்சயம் ஏமாற்றா.


வதிரிச்சந்தி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவும் அம்மாவும் உங்கள் பதில்களை இருந்து வாசித்தார்கள். உதயப்பூரை நேற்றிரவே அடித்துவிட்டேன். பரத்பூர் பற்றி அம்மாவுக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. தங்கைக்குத்தான் மனவருத்தம். புலிக்காகவே விடுமுறை எடுத்ததாகச் சொல்கிறாள். ஜெய்சல்மேரில் கோட்டைக்குள்ளேயே தங்கலாம், மேலிருந்து நகரம் முழுவதும் தெரியும் என்று ஓர் இணையத்தளத்தில் கண்டு, அங்கே இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன். அது நல்லதா? அப்பா கேட்ட கேள்விக்கு, அதாவது அவர்கள் தண்ணீரை எப்படிச் சேர்த்தார்கள் என்பதற்கு, நேரில் காட்டக்கூடிய இடங்கள் எவை?


நிலாவரை எழுதியது:

நான் உரும்பிராயில் பிறந்தவன். தொழில் நிமித்தம் ஜோத்பூரில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். தயவுசெய்து கோட்டைக்குள் தங்க வேண்டாம். இதை உங்களுக்கு மட்டுமன்றி, கேட்கும் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். ஜெய்சல்மேர்க் கோட்டை 1156இல் எழுந்தது. இன்றும் அதற்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். தலையில் குடம் வைத்து நீர் சுமந்த காலத்தில் அந்தக் குன்றின்மேல் சிந்திய தண்ணீர் மிகச் சொற்பம். குழாய் நீரும் சுற்றுலா விடுதிகளும் வந்த பின் ஒவ்வொரு குளியலறையிலிருந்தும் கழிவுநீர் அடியிலுள்ள மென்மையான மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. அடிமண் இளகியதால் 1990களில் கொத்தளங்கள் சில சரிந்து விழுந்தன. பாலைவனத்தில் ஒரு கோட்டை வறட்சியால் அல்லாமல் தண்ணீரால் இடிகிறது என்பதை உங்கள் தகப்பனாருக்குச் சொல்லிப் பாருங்கள். குளக்கட்டில் நீர்க்கசிவு தேடி நடந்தவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. கோட்டையைப் பகலில் ஆறுதலாகச் சுற்றிப் பாருங்கள், உள்ளே இருக்கும் சமணக் கோயில்களைப் பாருங்கள், ஒரு தேநீரும் குடியுங்கள். இரவில் மதிலுக்கு வெளியே தங்குங்கள். கீழே மொட்டைமாடியுள்ள விடுதிகளிலிருந்து மாலை வெயிலில் கோட்டை பொன்னிறமாவதைக் காணலாம். உள்ளே தங்குபவர்களுக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை.

இனித் தண்ணீர். ஜெய்சல்மேர் நகர எல்லையிலேயே கடீசர் ஏரி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டிலிருந்து நகரம் குடித்த நீர் அது. பெண்கள் குடத்தோடு இறங்கிய படித்துறைகள் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்த மறுநாள் குல்தராவுக்குப் போங்கள். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைவிட்டுப்போன கிராமம். சாரதிகள் அங்கே பேய்க்கதை சொல்வார்கள். அதைக் கேட்டு நேரத்தைக் கழிக்காமல், அந்த மக்கள் விட்டுச்சென்ற கடீன் என்னும் வயல்களைக் காட்டச் சொல்லுங்கள். மேட்டுக் கல்தரையில் விழும் மழையெல்லாம் வழிந்து வரும் தாழ்வில், நீண்ட மண்கட்டு ஒன்றைக் குறுக்கே போட்டு மறிக்கிறார்கள். அது குளமாக நிற்பதற்கன்று. நீர் சில வாரங்களில் மண்ணுக்குள் ஊறிப் போனதும், ஈரம் பிடித்த அதே நிலத்தை உழுது கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். பிறகு ஒரு சொட்டு மழை இல்லாமலே பயிர் விளைகிறது. கட்டும் கலிங்கும் நம் குளத்தைப் போலவே இருக்கும். வேறுபாடு என்னவென்றால் அங்கே குளத்தின் வயிறே வயல். ஆடி, ஆவணியில் மழை பொய்க்காத ஆண்டாக இருந்தால், ஜனவரி இறுதியில் சுற்றிலும் கட்டாந்தரை கிடக்க நடுவே பச்சைக் கோதுமை நிற்பதை நீங்கள் காண்பீர்கள். என்னைக் கேட்டால் மணல்மேட்டைவிட இதுதான் தார் பாலைவனத்தின் அதிசயம்.

ஊர்ப்புறத்தில் வட்டமாகச் சாய்த்துக் கெட்டிப்படுத்திய தரையும் அதன் நடுவே மூடியுள்ள நிலக்கீழ்த் தொட்டியும் தென்பட்டால் வாகனத்தை நிறுத்துங்கள். டாங்கா என்பார்கள். ஒரு குடும்பத்தின் குடிநீர் அதற்குள். நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் மழைநீர்த் தொட்டியை நம்பி இருப்பவர்களுக்கு அதன் அருமை விளங்கும். இன்று இந்திரா காந்திக் கால்வாய் பஞ்சாபின் ஹரிக்கே அணையிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீற்றர் ஓடி இந்த மாவட்டத்துக்கு நீர் கொண்டுவருகிறது. அதனால் பழைய தொட்டிகள் பல கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. கால்வாயைத் தேடி எல்லைப் பக்கம் மட்டும் போய்விட வேண்டாம். அனுமதி பற்றி மேலே எழுதியிருக்கிறார்கள்.

ஜோத்பூரில் மெஹ்ரான்கட் கோட்டைக்கு எல்லோரும் போகிறார்கள். நீங்களும் போவீர்கள். அதன் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்று சுமார் 70 ஹெக்டேயர் நிலம் இருக்கிறது. சீமைக் கருவேல் மூடிக்கிடந்த பாறை நிலத்தில், அந்த முள்ளை வேரோடு பெயர்த்து எடுத்து, பாலைக்கே உரிய செடிகளை மறுபடி நட்டு, 2011இல் மக்களுக்குத் திறந்தார்கள். பழைய நகருக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணறு உண்டு. 1740களில் கட்டியது, குப்பை மூடிக்கிடந்ததைத் துப்புரவாக்கி மீட்டிருக்கிறார்கள். மாலையில் படியில் இருந்து பாருங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சைவ உணவுக்கு ராஜஸ்தானைப் போல் வசதியான மாநிலம் குறைவு. சோறுதான் அரிது, கம்பு ரொட்டியும் கோதுமை உருண்டையும் பருப்பும் நெய்யும் மூன்று வேளையும் வரும். இரண்டு நாளில் வயிறு முறுக்கும். அரிசிமாவும் மிளகுரசப் பொடியும் கொஞ்சம் கையோடு கொண்டுபோனால், விடுதிச் சமையலறையில் கேட்டுச் செய்துகொள்ளலாம், முகம் சுளிக்கமாட்டார்கள். கேர்-சாங்ரி என்றொரு கறி பரிமாறுவார்கள். அதிலுள்ள சாங்ரி வேறொன்றுமில்லை, வன்னி மரத்துக் காய். நம் கோயில்களில் தலமரமாக வணங்கும் அதே வன்னிதான் அங்கே ஊரெங்கும் நிற்கும் கேஜ்ரி மரம். ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் 1730இல் அரசனின் ஆட்கள் அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய்ச் சமூகப் பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கி, அம்மாவோடு போய் அந்த மரத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள்.


கொழும்புத்துறை எழுதியது:

தங்கையின் பக்கம் பேச ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ரண்தம்போரைப் பெற்றோருக்காக விடுவது சரி. திறந்த ஜிப்சி ஜீப்பில் மூன்று மணிநேரத்துக்கு மேல் பள்ளமும் மேடுமாகக் குலுங்க வேண்டும்; விடியற்காலைக் குளிர் முகத்தில் அறையும்; இடையில் இறங்க விடமாட்டார்கள். முழங்காலுக்கு அது ஆகாது. இருபது பேர் அமரும் கன்டர் வாகனம் மலிவு என்று சொல்வார்கள்; குலுக்கம் அதிலும் குறைவில்லை. ஆனால் தங்கைக்கு ஒரு வழியிருக்கிறது. அவர் டெல்லியில் வந்து இறங்கினால், உங்களைவிட இரண்டு நாள் முந்தி வந்து, ரயிலில் நேரே சவாய் மாதோபூருக்குப் போகலாம். பூங்கா அங்கிருந்து பக்கம். டெல்லி-மும்பை பெருவழிப் பாதையில்தான் அந்த நிலையம் இருக்கிறது, அதே பாதையில்தான் பரத்பூரும் இருக்கிறது. இரண்டு மூன்று சவாரிகள் போய்விட்டு ரயிலேறி, இரண்டு மூன்று மணிநேரத்தில் பரத்பூரில் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

சவாரி இருக்கைகளை அரசு இணையத்தளத்தில் இப்போதே பதியச் சொல்லுங்கள். முன்னணி வலயங்கள் வாரக்கணக்கில் முன்னமே நிரம்பிவிடுகின்றன. கடவுச்சீட்டு இலக்கத்தோடு பதிந்து, வாயிலில் மூலக் கடவுச்சீட்டையே காட்ட வேண்டும். ஒரே சவாரியில் புலி தென்படும் என்று எண்ண வேண்டாம். நான் மூன்று முறை போய் மூன்றாவது முறையே கண்டேன். முதல் இரண்டிலும் மரையும் முதலையும் ஏரிக்கரை மாளிகை இடிபாடும் கண்டதில் எனக்கு மனக்குறை எதுவும் இருக்கவில்லை. காட்டின் நடுவே கோட்டை உச்சியில் முக்கண்ணுடைய பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது. உங்கள் பெற்றோர் தங்களுக்காக அங்கே ஓர் அர்ச்சனை செய்யச் சொல்லுவார்கள் என்று நினைக்கிறேன். கோயிலுக்குப் போகும் பாதை புலி நடமாடும் காட்டுக்குள்ளேதான் போகிறது. நடந்து போகாமல் வாகனத்தில் போய், பகலிலேயே திரும்பிவிட வேண்டும்.


வதிரிச்சந்தி எழுதியது:

தங்கைக்கு இந்த வழி பிடித்துவிட்டது. டெல்லியில் இருக்கும் அவளுடைய பல்கலைக்கழகத் தோழியும் ரண்தம்போருக்குக் கூடப் போகச் சம்மதித்திருக்கிறார். இன்று மாலை நான்கு சவாரிகளுக்கு முயன்று மூன்றைப் பதிந்துவிட்டார்கள்.

எல்லோரும் எழுதியதை வைத்துத் திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். சென்னையில் முதல் இரவு மட்டும். பலாலி விமானம் மழையால் பிந்தினாலும் மறுநாள் ஜெய்ப்பூர் விமானம் தவறக்கூடாது என்பதற்காக அந்த ஓர் இரவு. சித்தியிடம் அப்பாவே பேசி, அவர்கள் சித்திரையில் வல்லிபுரக் கோயிலுக்கு வரும்போது ஒரு மாதம் எங்களோடு தங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிறகு ஜெய்ப்பூரில் ஓர் இரவு. ஆபானேரி வழியாகப் பரத்பூர் போய் அங்கே இரண்டு இரவுகள். ஜெய்ப்பூருக்குத் திரும்பி மறுபடி ஓர் இரவு. பிகானேரை விட்டுவிட்டோம். ஜெய்ப்பூரிலிருந்து ஜோத்பூர்தான் எல்லாவற்றிலும் நெடுந்தூரம், ஏறத்தாழ 335 கிலோமீற்றர்; அங்கே இரண்டு இரவுகள் தங்கினால் உடம்பு ஆறிவிடும். ஜோத்பூரிலிருந்து பலோதி 140 கிலோமீற்றரே என்பதால் அங்கே ஓர் இரவு, மறுநாள் காலை கீச்சனில் குர்ஜாக்கள், மத்தியானத்துக்குப் பின் ஜெய்சல்மேர். ஜெய்சல்மேரில் மூன்று இரவுகள், கோட்டை மதிலுக்கு வெளியே. கடைசி இரவு ஜோத்பூரில் தங்கி, அங்கிருந்து டெல்லி வழியாகச் சென்னைக்கு விமானம். வாகனத்தை ஜோத்பூரில் விட்டாலும் அது ஜெய்ப்பூருக்குத் திரும்பும் தூரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டுமென்று வாகனக்காரர் சொல்லியிருக்கிறார். நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீற்றருக்குக் கூலி என்ற கணக்கும் சாரதியின் படியும் தனி. அதையும் கூட்டித்தான் செலவைப் பார்த்தேன்.

கூடாரத்தில் இரவு தங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். சம் மணல்மேட்டில் மாலையில் ஒலிபெருக்கியும் ஜீப் ஓட்டமும் அதிகம் என்று வேறோர் உறவினர் சொன்னதால், 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலுள்ள குரி கிராமத்துக்குப் போய், சூரியன் மறையும்வரை மணலில் இருந்துவிட்டு நகருக்குத் திரும்புவோம். அப்பா சுதாசரிக் காலையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து, குல்தராவின் கடீனுக்கு ஒரு முழுநாளைத் தனக்கு எழுதச் சொல்லியிருக்கிறார். கட்டின் உயரத்தையும் சரிவையும் அளக்கத் தன்னுடைய பழைய அளவு நாடாவைப் பெட்டியில் வைத்துவிட்டார். கைப்பொதியில் விடமாட்டார்கள் என்று சொன்னதால், அது பெரிய பெட்டிக்கு மாறியிருக்கிறது.

நிலாவரை அண்ணாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கடீன் வயலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டுமானால் யாரிடம் அனுமதி கேட்பது? பயிர் நிற்கும் காலத்தில் பிறர் வயலில் கால் வைக்கக்கூடாது என்று அப்பா இப்போதே கவலைப்படுகிறார்.


நிலாவரை எழுதியது:

வயலருகே காவல் குடிசை இருக்கும். அங்கிருப்பவரிடம் சாரதியை விட்டு இந்தியில் கேட்கச் சொல்லுங்கள். மண்கட்டின் மேலே நடப்பதற்கு எவரும் தடை சொல்லமாட்டார்கள், அங்கிருந்தே முழு வயலும் கலிங்கும் தெரியும். தானும் குளக்கட்டு வேலைக்காரர்தான் என்று அப்பா சொல்லட்டும். என் அனுபவத்தில், அதற்குப் பிறகு அவர்களே தேநீர் வைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள்.